மார்க் போடும்போது டீச்சர் மனசுல என்ன ஓடுது? பாரபட்சம் பத்தி ஒரு எளிய விளக்கம்

ரிசல்ட் வந்த அன்னிக்கு எந்தத் தெருவுல நின்னாலும் ரெண்டு டயலாக் காதுல விழும். ஒண்ணு, "அந்த சாருக்கு எங்க பையன ஆரம்பத்துல இருந்தே ஆகாது, அதான் இன்டர்னல்ல கை வச்சிட்டாரு". இன்னொண்ணு, "அதெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க, எழுதினா மார்க் வரும், எழுதலன்னா வராது, சும்மா வாத்தியார் மேல பழி போடாதீங்க". ரெண்டு பேரும் விடிய விடிய சண்டை போடலாம், முடிவுக்கு வராது, ஏன்னா பாரபட்சம்னாலே ஒரு கெட்ட மனுஷன் தெரிஞ்சே செய்யிற அநியாயம்னுதான் ரெண்டு பேருமே நினைச்சுட்டு பேசுறாங்க.

அப்படி தெரிஞ்சே செய்யிறவங்க இல்லாம இல்ல. ஆனா அவங்கள விட்டுருவோம், அது விளக்கம் தேவைப்படாத விஷயம். இந்தக் கட்டுரை நல்ல டீச்சர்கள பத்தினது. யாருக்கும் குறைச்சுப் போடணும்னு நினைக்காத, ராத்திரி பத்து மணிக்கு கண்ணு எரிய எரிய பேப்பர் திருத்துற டீச்சர் கையிலயும் பையனோட ஜாதி, வீட்டு வசதி, ஆணா பெண்ணா, வீட்டுல என்ன மொழி, அவன் அக்கா இதே ஸ்கூல்ல எப்படி படிச்சா, இதெல்லாம் மார்க்குக்குள்ள எப்படி நுழையுதுங்கிறதுதான் விஷயம். இந்த எல்லாத்தையும் சேர்த்து இனிமே "பின்னணி"ன்னே சொல்லிக்கிறேன்.

வித்தியாசம் வேற, பாரபட்சம் வேற

இத தீர்த்துக்காம மேல போனா எல்லாமே குழம்பும். ஃபேஸ்புக்ல நடக்கிற சண்டைல பாதி இந்த இடத்துலதான் வழுக்கி விழுது.

ஒரு பொண்ணு, அப்பா அம்மா ரெண்டு பேரும் படிச்சவங்க, வீட்டுல தனி ரூம், ட்யூஷன் வேற. அதே கிளாஸ்ல ஒரு பையன், சாயங்காலம் ஆனா அப்பாவோட டிபன் கடைல பார்சல் கட்டணும், ராத்திரி ஒன்பதரைக்கு மேலதான் புக்க தொடுவான். அந்தப் பொண்ணு 90, இவன் 60. இது அநியாயமா? சமுதாயத்துல இருக்கிற அநியாயம்தான், சந்தேகமே இல்ல. ஆனா ரெண்டு பேப்பரையும் எடுத்துப் பார்த்தா அவ நிஜமாவே 90க்கு எழுதியிருக்கா, இவன் நிஜமாவே 60க்குதான் எழுதியிருக்கான்னா, திருத்தினவர் மேல தப்பு இல்ல. பின்னணி இங்க படிப்ப பாதிச்சிருக்கு, திருத்தினத பாதிக்கல.

இப்ப இன்னொரு நிலைமை. ரெண்டு பேரும் வரிக்கு வரி ஒரே பதில எழுதியிருக்காங்க, அவளுக்கு 4, இவனுக்கு 3. இதுதான் மதிப்பீட்டுல வர்ற பாரபட்சம். அதாவது ஒரே தரமான வேலைக்கு, செஞ்சவங்க யாருங்கிறத வச்சு வேற மார்க் விழுறது. நாம பேசப்போறது இத மட்டும்தான்.

"சரி, இத எப்படி நிரூபிக்கிறது, எந்த ரெண்டு பிள்ளைங்க வரிக்கு வரி ஒரே மாதிரி எழுதப்போறாங்க"ன்னு கேப்பீங்க. ஆராய்ச்சி பண்றவங்க ரெண்டு வழி வச்சிருக்காங்க. ஒண்ணு, ஒரே பேப்பர ஜெராக்ஸ் எடுத்து, மேல வேற வேற பேரு, விவரம் போட்டு, நிறைய டீச்சர்கிட்ட குடுத்துத் திருத்தச் சொல்றது. இன்னொண்ணு, ஒரே பிள்ளைக்கு அவங்கள தெரிஞ்ச டீச்சர் போட்ட மார்க்கையும், யாருன்னே தெரியாதவங்க போட்ட மார்க்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிறது. முதல் வழி சுத்தமானது. ரெண்டாவதுல கொஞ்சம் சிக்கல் இருக்கு, அது அப்புறம் வருது.

சுருக்கமா: ரெண்டு குரூப்புக்கு நடுவுல மார்க் வித்தியாசம் இருக்குன்னு காட்டினா மட்டும் பாரபட்சம் நிரூபணம் ஆகாது. ஒரே வேலைக்கு ரெண்டு மார்க் விழுந்துச்சுன்னு காட்டணும்.

சாம்பார் ஒண்ணு, கவர் ரெண்டு

ஒரே அண்டால இருந்து ரெண்டு கிண்ணத்துல சாம்பார் எடுத்துக்கோங்க. ஒண்ண ஊர்ல பேர் போன ஹோட்டலோட கவர்ல இருந்து ஊத்தின மாதிரி ஊத்துங்க, இன்னொண்ண பேரு இல்லாத சாதா பாலிதீன் கவர்ல இருந்து. வீட்டுக்கு வந்த சித்தப்பாவ ருசி பார்க்கச் சொல்லுங்க.

"உப்பு ஜாஸ்தியா?"ன்னு கேட்டா ரெண்டுக்கும் ஒரே பதில்தான் வரும். அள்ளிக் கொட்டியிருந்தா எந்தக் கவரா இருந்தாலும் முகம் சுளிக்கும். ஆனா "பத்துக்கு எத்தன மார்க் போடுவீங்க சித்தப்பா?"ன்னு கேட்டுப் பாருங்க. ஹோட்டல் கவருக்கு எட்டு வரும், "என்ன இருந்தாலும் அவன் கைப்பக்குவம்" வரும். சாதா கவருக்கு ஆறரை வரும், "பரவால்ல" வரும். சித்தப்பா பொய் சொல்லல, நாக்குல நிஜமாவே அப்படித்தான் பட்டிருக்கு. தெளிவா அளக்க முடிஞ்ச கேள்விக்கு கவர் குறுக்க வரல, அளக்க முடியாத கேள்விக்கு வந்துருச்சு, அவ்வளவுதான்.

பரீட்சை பேப்பர்லயும் இதேதான். ஒரு மார்க் கேள்வி, சரியான விடை "ஆ"ன்னா "ஆ"தான், யார் திருத்தினாலும், யார் எழுதியிருந்தாலும். ஆனா கட்டுரை, கடிதம், "காரணம் கூறுக", பாதி வரைக்கும் சரியா வந்து விடை தப்பான கணக்கு, ப்ராஜெக்ட், செமினார், வைவா, இங்க எல்லாம் திருத்துறவரோட தீர்ப்புன்னு ஒண்ணு உள்ள வருது. இத நான் சாம்பல் பகுதின்னு சொல்றேன். பின்னணி நுழையிற வாசல் இதுதான்.

இந்தச் சாம்பல் பகுதி எவ்வளவு பெருசுன்னு நம்ம ஆளுங்களுக்கு அவ்வளவா தெரியாது. 1912ல அமெரிக்காவுல டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட்னு ரெண்டு பேரு, ஒரே ஆங்கில விடைத்தாள நகல் எடுத்து நூத்துக்கும் மேற்பட்ட ஸ்கூல் டீச்சர்களுக்கு அனுப்பி மார்க் போடச் சொன்னாங்க. ஒரே பேப்பருக்கு 64ல இருந்து 98 வரைக்கும் மார்க் வந்துச்சு. "இங்கிலீஷ் பேப்பர்னா அப்படித்தான், கணக்குல இப்படி நடக்காது"ன்னு எல்லாரும் சொன்னாங்க, சரின்னு அடுத்த வருஷமே ஜியோமெட்ரி பேப்பர அனுப்பினாங்க. 28ல ஆரம்பிச்சு 90க்கு மேல வரைக்கும் போச்சு, அதாவது நிலைமை இன்னும் மோசம். ஒருத்தர் ஸ்டெப்புக்கு மார்க் போடுறார், ஒருத்தர் விடை தப்புன்னா முட்டை, இன்னொருத்தர் அழகா இல்லன்னு கழிக்கிறார். இதுல எழுதினவங்க பின்னணியே கிடையாது, கவனிச்சீங்களா? யாரு எழுதினான்னு தெரியாமலே இந்த ஆட்டம் ஆடுதுன்னா, தெரிஞ்சா எந்தப் பக்கம் சாயும்ங்கிறதுதான் அடுத்த கேள்வி.

ஒரு அஞ்சு மார்க் கேள்வி, கிட்டப் போய் பார்ப்போம்

ஒன்பதாங்கிளாஸ் சயின்ஸ், ஒளிச்சேர்க்கை, அஞ்சு மார்க். பதில்ல விளக்கம் சரியா இருக்கு, சமன்பாட்டுல ஒரு பக்கம் விட்டுப் போச்சு, படம் வரைஞ்சு நாலு பாகத்துல ரெண்டுக்குதான் பேர் எழுதியிருக்கு. இதுக்கு என்ன போடுவீங்க? ரெண்டரையும் நியாயம்தான், மூணும் நியாயம்தான், மூணரை போட்டாலும் யாரும் வந்து கேக்க மாட்டாங்க.

இப்ப பேப்பர் மேல இருக்கிற பேரு ஃபர்ஸ்ட் ரேங்க் பொண்ணோடது. டீச்சர் மனசுல ஓடுறது, "இவளுக்குத் தெரியாததா, டைம் பத்தல போல". மூணரை. அதே பேப்பர் கடைசி பெஞ்ச் பையனோடது, "எங்கயோ மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கான், பாதில மறந்துட்டான்". ரெண்டரை. எழுதாம விட்ட இடம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஆனா அந்தக் காலி இடத்த டீச்சர் தன்கிட்ட ஏற்கனவே இருக்கிற தகவல வச்சு நிரப்பிட்டாங்க. அவளுக்கு நிரப்பினது "தெரியும்"ங்கிற தகவல், அவனுக்கு "தெரியாது".

ஒரு விஷயத்துல நல்ல பேரு வாங்கினவங்கள எல்லா விஷயத்துலயும் நல்லவிதமாவே பார்க்கிற இந்தப் பழக்கத்துக்கு ஹேலோ எஃபெக்ட்னு பேரு. எட்வர்ட் தார்ன்டைக்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1920ல எழுதினது. அவர் பார்த்தது ஸ்கூல் இல்ல, ராணுவம். அதிகாரிங்க தங்களுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு உடல்வாகு, புத்தி, தலைமைப் பண்பு, குணம்னு தனித்தனியா மார்க் போடணும், ஆனா ஒண்ணுல கூடப் போட்டவருக்கு சம்பந்தமே இல்லாத இன்னொண்ணுலயும் கூடவே விழுந்திருந்துச்சு. ஸ்கூல்ல இதோட நெருங்கின சொந்தக்காரன் கையெழுத்து. முத்து முத்தா எழுதியிருந்தா விஷயமும் முத்தா இருக்கும்னு ஒரு நினைப்பு. கையெழுத்துல என்ன பின்னணின்னு கேப்பீங்க. நாலு வயசுல இருந்து பக்கத்துல உக்காத்தி வச்சு நாலு கோடு நோட்டுல எழுதவைக்க ஆள் இருந்த வீடும், இல்லாத வீடும் ஒண்ணா என்ன?

சுருக்கமா: பதில்ல தெளிவு இல்லாத இடத்த டீச்சர் மனசு தானா நிரப்பிக்குது, நிரப்புறதுக்கு எடுத்துக்கிற சரக்கு எழுதினவங்க பத்தின முன்கருத்து.

நம்ம நாட்டுலயே பண்ணின ஒரு சோதனை

எனக்குத் தெரிஞ்சு இந்த விஷயத்துல எல்லாரும் படிக்கவேண்டியது இதுதான், ஆனா யாரும் சரியா மேற்கோள் காட்டுறதில்ல. ரீமா ஹன்னா, லீ லிண்டன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள், இந்தியாவுல ஒரு நகரத்துல பிள்ளைங்களுக்கு பரிசுப் போட்டி மாதிரி ஒரு தேர்வு வச்சாங்க, கணக்கு, மொழி, ஓவியம் எல்லாம் சேர்த்து. எழுதின பேப்பர ஜெராக்ஸ் எடுத்து, முதல் பக்கத்துல வயசு, ஆணா பெண்ணா, ஜாதி விவரத்த குலுக்கல் முறைல போட்டு, டீச்சர்கள கூப்பிட்டு காசு குடுத்துத் திருத்தச் சொன்னாங்க. குலுக்கல்ங்கிறதுதான் இங்க முக்கியம், ஏன்னா முதல் பக்கத்துல என்ன ஜாதி இருக்குங்கிறதுக்கும் உள்ள எழுதியிருக்கிற பதிலோட தரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அப்புறமும் வித்தியாசம் வந்தா அதுக்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். ஆய்வு 2012ல வெளியாச்சு.

வித்தியாசம் வந்துச்சு. தாழ்த்தப்பட்ட ஜாதின்னு போட்டிருந்த பேப்பருக்கு, உயர்ஜாதின்னு போட்டிருந்ததவிட 0.03ல இருந்து 0.08 வரைக்கும் திட்ட விலக்கம் குறைவு. திட்ட விலக்கம்னா மார்க் எல்லாம் சராசரில இருந்து பொதுவா எவ்வளவு தூரம் பரவிக் கிடக்குங்கிற அளவு. ஒரு கிளாஸ்ல அது 15 மார்க்னு வச்சுக்கிட்டா, இந்த வித்தியாசம் அர மார்க்குல இருந்து ஒண்ணேகால் மார்க்குக்குள்ள வரும். "இவ்வளவுதானா, இதுக்கா இவ்வளவு பேச்சு"ன்னு ஒரு கூட்டம் கேக்கும், "பார்த்தியா நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு இன்னொரு கூட்டம் குதிக்கும். ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. ஒரு பேப்பர்ல சின்னதுதான், உண்மை. கட்-ஆஃப்ல அர மார்க்குல காலேஜ் போன ஊர்ல உக்காந்துட்டு அர மார்க்க சின்னதுன்னு சொல்றதும் கஷ்டம்தான்.

ஆனா அந்த ஆய்வுல அளவவிட பெரிய விஷயம் ரெண்டு இருக்கு.

முதல்ல, யாரு குறைச்சுப் போட்டாங்கன்னு பிரிச்சுப் பார்த்தா, உயர்ஜாதி டீச்சர்கள்கிட்ட இந்தச் சாய்வு தெரியல. தாழ்த்தப்பட்ட ஜாதி டீச்சர்கள் போட்ட மார்க்லதான் தெரிஞ்சுச்சு. படிக்கும்போது கொஞ்சம் தூக்கிவாரிப் போடும். "நம்மாளு ஒருத்தர் டீச்சரா இருந்தா நம்ம பிள்ளைக்கு நியாயம் கிடைக்கும்"ங்கிற நம்பிக்கைய இது நேரா அடிக்குது. இத எடுத்துட்டுப் போய் "அப்ப ஆதிக்க ஜாதி மேல தப்பே இல்ல"ன்னு எழுதுறவங்களும் இருக்காங்க, அதுவும் அபத்தம்தான், ஒரு ஊர்ல ஒரு சோதனைய வச்சு அவ்வளவு தூரம் இழுக்க முடியாது. இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது, சமுதாயம் ஒரு கூட்டத்தப் பத்தி சொல்லிச் சொல்லி வச்சிருக்கிற கருத்து அந்தக் கூட்டத்துக்குள்ள பிறந்தவங்க தலைலயும்தான் உக்காந்திருக்கு.

ரெண்டாவது, கட்டுல முன்னாடி திருத்தின பேப்பர்லதான் வித்தியாசம் அதிகம், போகப்போக குறைஞ்சுது. வெறுப்புதான் காரணம்னா முதல் பேப்பர்லயும் கடைசி பேப்பர்லயும் ஒரே மாதிரி இல்ல இருக்கணும்? பேப்பர் திருத்தின யாருக்கும் இது உடனே புரியும். முதல் நாலஞ்சு பேப்பர்ல இந்தத் தேர்வு கஷ்டமா சுலபமா, நல்ல பதில்னா எது, சுமாரான பதில்னா எதுன்னு கைக்கு வராது. பிடிமானம் இல்லாதப்ப, கைல கிடைக்கிறது முதல் பக்கத்துல இருக்கிற விவரம். பத்து பேப்பர் தாண்டினா பேப்பரே பிடிமானம் ஆயிடும், முதல் பக்கம் தேவையில்ல.

இதுக்குப் புள்ளிவிவரப் பாகுபாடுன்னு பேரு. ஆளப்பத்தி போதுமான தகவல் இல்லாதப்ப, அந்த ஆள் சேர்ந்த கூட்டத்தோட சராசரிய எடுத்து ஆள் மேல ஒட்டிடுறது. வெறுப்பு தேவையில்ல, அவசரமும் தகவல் பஞ்சமும் இருந்தா போதும்.

இங்கிலாந்துல சைமன் பர்ஜெஸ், எல்லன் க்ரீவ்ஸ் பண்ணின ஆய்வும் இதே பக்கம்தான் கைகாட்டுது. அந்த ஆய்வு நடந்த காலத்துல அங்க 11 வயசுல பிள்ளைங்களுக்கு வெளியாள் திருத்துற தேர்வும் இருந்துச்சு, அதே பாடத்துக்கு கிளாஸ் டீச்சர் தனியா போடுற மதிப்பீடும் இருந்துச்சு. ரெண்டையும் ஒப்பிட்டா, கரீபியன், ஆப்பிரிக்கப் பின்னணி கறுப்பினப் பிள்ளைங்கள டீச்சர்கள் அவங்க தேர்வுல காட்டுற அளவவிடக் குறைச்சு மதிப்பிட்டிருந்தாங்க. அதே சமயம் இந்திய, சீனப் பின்னணி பிள்ளைங்களுக்குக் கூடவே விழுந்துச்சு. அப்புறம் ஒரு விஷயம், அந்தந்த ஸ்கூல்ல அந்தந்தக் கூட்டத்துப் பிள்ளைங்க முன்னாடி எப்படி படிச்சாங்களோ அதோட சேர்ந்து இந்தச் சாய்வும் மாறுச்சு. "உங்க அண்ணன் மாதிரியா நீ"ங்கிற வசனத்த ஒரு இனத்துக்கே சொல்ற மாதிரி.

பொண்ணுங்களுக்கா பசங்களுக்கா?

இத வேகமா தாண்டிடலாம், ஏன்னா ஒரே பதில் இல்ல. இஸ்ரேல்ல விக்டர் லேவி பார்த்தார், பள்ளி இறுதித் தேர்வுல பேரு தெரியாம திருத்துற மார்க்கோட, ஸ்கூல் டீச்சர் போடுற மார்க்க ஒப்பிட்டா பசங்களுக்குதான் அடி விழுந்திருந்துச்சு, கணக்கு உட்பட பல பாடத்துல. சுவீடன்ல விடைத்தாள பேரு மறைச்சு மறுபடி திருத்திப் பார்த்தாங்க, பசங்களுக்கு எதிரான பாரபட்சம் எதுவும் தெரியல. இத்தாலில கார்லானா பண்ணின ஆய்வுல அடி பொண்ணுங்களுக்கு விழுது, அது கீழ வருது.

முன்னாடி ஒரு சிக்கல் இருக்குன்னு சொன்னேன்ல, அது இங்கதான். ஸ்கூல் மார்க்கும் வெளித் தேர்வு மார்க்கும் ஒரே விஷயத்த அளக்கிறதில்ல. ஸ்கூல் டீச்சர் மார்க்குக்குள்ள ஹோம்வொர்க் ஒழுங்கா முடிச்சியா, கிளாஸ்ல பேசாம இருந்தியா, நோட்ட அட்டை போட்டு வச்சியா எல்லாம் பாதி தெரிஞ்சும் பாதி தெரியாமலும் கலந்திருக்கும். பசங்க சேட்டை பண்றதுனால குறைஞ்சுதா, பசங்கங்கிறதுனால குறைஞ்சுதான்னு பிரிக்கிறது சுலபம் இல்ல. நடத்தைக்கு மார்க் குடுக்கணும்னா தனியா ஒரு கட்டம் போட்டுக் குடுங்கய்யா, கணக்கு மார்க்ல ஏன் கொண்டுவந்து கரைக்கிறீங்கங்கிறது என் கட்சி.

அர மார்க் எங்க போய் நிக்கும்: எதிர்பார்ப்பு

மார்க் பேப்பரோட நின்னா பரவால்ல. அது அடுத்த வருஷ டீச்சருக்கும் பிள்ளையோட மனசுக்கும் தகவலா போகுது.

இங்க எல்லாரும் சொல்ற கதை ஒண்ணு உண்டு. 1960கள்ல கலிஃபோர்னியாவுல ராபர்ட் ரோசென்தால், லெனோர் ஜேக்கப்சன் ரெண்டு பேரும் ஒரு ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு டெஸ்ட் வச்சு, அதுல சுமார் 20 சதவீதம் பேர குலுக்கல்ல எடுத்து, டீச்சர்கள்கிட்ட "இவங்கல்லாம் இந்த வருஷம் அபாரமா முன்னேறப் போறாங்க"ன்னு சொன்னாங்க. வருஷக் கடைசில பார்த்தா அந்தப் பிள்ளைங்க நிஜமாவே கூடுதலா முன்னேறியிருந்தாங்கன்னு 1968ல எழுதினாங்க. மேடைப் பேச்சாளர்களுக்கு இந்தக் கதைன்னா அல்வா. ஆனா அவங்க சொல்லாம விடுறது, அந்த முன்னேற்றம் முக்கியமா ஒண்ணாங்கிளாஸ் ரெண்டாங்கிளாஸ்லதான் தெரிஞ்சுச்சு, மேல் வகுப்புல பெருசா இல்ல, அளந்த விதத்துல ஓட்டை இருக்குன்னு அப்பவே பலர் எழுதினாங்க, பின்னாடி வந்த ஆய்வுகள்ல விளைவு இருக்கு ஆனா பொதுவா சின்னதுன்னுதான் வந்துச்சு. டீச்சர் நினைச்சாலே கழுதை குதிரை ஆயிடும்னு யாரும் நம்ப வேண்டாம்.

இத்தாலி ஆய்வு இதவிட உறுதியானது. மிக்கேலா கார்லானா 2019ல வெளியிட்டாங்க. கணக்கு டீச்சர்கள் மனசுல "கணக்குன்னா பசங்க"ங்கிற நினைப்பு எவ்வளவு ஆழமா இருக்குன்னு, வார்த்தைகள ஜோடி சேர்க்கிற வேகத்த வச்சு அளக்கிற ஒரு கம்ப்யூட்டர் டெஸ்ட்ல பார்த்தாங்க. நினைப்பு பலமா இருக்கிற டீச்சர்கிட்ட படிச்ச கிளாஸ்ல, கணக்குல பொண்ணுங்க பசங்கள விட்டு பின்தங்கினது அதிகம். அதோட நிக்கல, அந்தப் பொண்ணுங்களுக்கு தன்னால கணக்கு வரும்ங்கிற நம்பிக்கையும் குறைஞ்சு, அடுத்து ஹைஸ்கூல் தேர்ந்தெடுக்கும்போது கஷ்டம் குறைஞ்ச பிரிவுக்கு அவங்களே போயிட்டாங்க. யாரும் தள்ளல. நம்ம ஊர்ல பத்தாவது முடிச்சதும் "உனக்கு எதுக்கு கம்ப்யூட்டர் மேத்ஸ், வேற குரூப் எடுத்துக்கோ"ன்னு அட்மிஷன் டேபிள்ல நடக்கிற பேச்ச நினைச்சுப் பாருங்க.

சுருக்கமா: குறைஞ்ச மார்க், குறைஞ்ச எதிர்பார்ப்பு, குறைஞ்ச முயற்சி, அப்புறம் நிஜமாவே குறைஞ்ச மார்க். ஒரு ரவுண்டு முடிஞ்சதும் முதல்ல இருந்தது பாரபட்சமா நிஜமான்னு கேட்டா, பார்க்க நிஜம் மாதிரியே இருக்கும்.

பேர மறைச்சா போதுமா?

எல்லாருக்கும் முதல்ல தோணுற தீர்வு இது, நல்ல தீர்வும்கூட. நம்ம பொதுத் தேர்வுல இது ரொம்ப நாளா இருக்கு. பேரு, பதிவெண், ஃபோட்டோ இருக்கிற மேல் பகுதிய பிரிச்சு எடுத்துட்டு, டம்மி நம்பரோட பேப்பர் முகாமுக்குப் போகும். உதவித் தேர்வாளர் திருத்துவார், கூர்ந்தாய்வு அலுவலர் கூட்டல், விடுபட்ட விடை எல்லாம் சரிபார்ப்பார், முதன்மைத் தேர்வாளர் நடுவுல நடுவுல எடுத்து மறுபடி திருத்திப் பார்ப்பார், எல்லார் கைலயும் ஒரே விடைக்குறிப்பு. யாரு பிள்ளை, எந்த ஊருன்னு திருத்துறவருக்குத் தெரியாது. குறை சொல்ல நிறைய இருக்கலாம், ஆனா பின்னணி நுழையிற வாசல அடைக்கிற விஷயத்துல இது கெட்டியான ஏற்பாடு.

கையெழுத்தும் மொழிநடையும் மறையாது, அது ஒரு ஓட்டை. அதவிடப் பெரிய ஓட்டை, மறைக்கவே முடியாத மார்க். ப்ளஸ் டூல ப்ராக்டிகல் இருக்கிற பாடத்துக்கு 70தான் எழுத்துத் தேர்வு, மீதி 20 ப்ராக்டிகல், 10 இன்டர்னல். வைவால முன்னாடி நிக்கிற பையன எப்படி மறைப்பீங்க? கிராமத்துல இருந்து வர்ற பொண்ணு விஷயம் தெரிஞ்சும் தரையப் பார்த்துட்டு மெதுவா பதில் சொல்லும், டவுன் பையன் பாதி தெரிஞ்சத கண்ணப் பார்த்து கணீர்னு சொல்லுவான். யாருக்கு ஒரு மார்க் கூட விழும்னு நான் சொல்லணுமா? (நடைமுறைல எல்லாருக்கும் இன்டர்னல்ல முழுசா போட்டுடுறாங்கன்னு சொல்வீங்க, பல ஸ்கூல்ல அப்படித்தான், அது பாரபட்சத்துக்கு ஒரு வினோதமான மருந்து, மார்க்குக்கு அர்த்தமே இல்லாம பண்ணிடுறது.)

இன்னொரு பக்கம், ஆளயே தூக்கிட்டு ஃபார்முலா வச்சா? 2020 கொரோனா வருஷத்துல இங்கிலாந்துல பண்ணிப் பார்த்தாங்க. ஏ லெவல் (நம்ம ப்ளஸ் டூ மாதிரி) பரீட்சை ரத்து, டீச்சர்கள் போட்ட கிரேடு ஏறிக் கிடக்கும்னு பயந்து, ஒவ்வொரு ஸ்கூலும் முந்தைய வருஷங்கள்ல வாங்கின ரிசல்ட்ட முக்கியமா வச்சு கணக்குப் போடுற ஒரு அல்காரிதத்த தேர்வு அமைப்பு கொண்டுவந்துச்சு. ஆகஸ்ட் 13 ரிசல்ட். கிட்டத்தட்ட 40 சதவீத கிரேடு டீச்சர் சொன்னதவிட இறங்கிப் போச்சு. சுமாரான ஸ்கூல்ல படிச்ச கெட்டிக்காரப் பிள்ளைக்கு, அவளுக்கு முன்னாடி அங்க படிச்சவங்க வாங்கின மார்க் தலைல விடிஞ்சுச்சு. ரொம்பக் குறைவான பேர் எழுதுற பாடத்துக்கு மட்டும் டீச்சர் கிரேடயே எடுத்துக்கிட்டாங்க, அப்படிக் குட்டிக் குட்டி கிளாஸ் எங்க அதிகம்? தனியார் ஸ்கூல்ல. பிள்ளைங்க தெருவுக்கு வந்துட்டாங்க, நாலே நாள்ல, 17ஆம் தேதி, அரசு பின்வாங்கி டீச்சர் கிரேடுக்கே திரும்புச்சு. பாருங்க, டீச்சர் மனசுல இருந்த புள்ளிவிவரப் பாகுபாட்டத்தான் மெஷின்ல எழுதி வச்சிருக்காங்க. கூட்டத்தோட சராசரிய ஆள் மேல ஒட்டுற அதே வேலை.

அதே வருஷம் நம்ம பத்தாவதுக்கு காலாண்டு, அரையாண்டு மார்க்ல இருந்து 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம்னு வச்சு எல்லாரையும் பாஸ் பண்ணினாங்க. சுலபமான வழி. ஆனா அரையாண்டு பேப்பர பல இடத்துல திருத்தினது பேரு ஊரு எல்லாம் தெரிஞ்ச சொந்த ஸ்கூல் டீச்சர்தான், வருகைல அடி வாங்கினது வேலைக்குப் போய்ட்டு வர்ற பிள்ளைதான்.

சாம்பல் பகுதிய சுருக்குறது

ஆள மறைக்க முடியாத இடத்துல வேற ஒண்ணு பண்ணலாம். டேவிட் க்வின் 2020ல அமெரிக்காவுல ஒரு சோதனை வெளியிட்டார். 1,500க்கும் மேல டீச்சர்கள், ரெண்டாங்கிளாஸ் பிள்ளை எழுதின மாதிரி ஒரு சின்னக் கட்டுரை. எல்லாருக்கும் அதே எழுத்துதான், ஒரே ஒரு வித்தியாசம், கட்டுரைல வர்ற தம்பியோட பேரு. பாதி பேருக்கு டஷான், கறுப்பினப் பிள்ளைன்னு தோணவைக்கிற பேரு. மீதி பேருக்கு கானர், வெள்ளையினப் பேரு. "இது அந்த வகுப்புக்குரிய தரத்துல இருக்கா"ன்னு பொத்தாம்பொதுவா கேட்டப்ப, கானர் கட்டுரைக்கு 35 சதவீதம் பேர் தரம் உண்டுன்னாங்க, டஷான் கட்டுரைக்கு 30தான். அதே டீச்சர்கள், அதே கட்டுரை, ஆனா இந்தத் தடவை ஒரு ரூப்ரிக் குடுத்தார். ரூப்ரிக்னா எந்தெந்த விஷயம் இருந்தா எவ்வளவு மார்க்னு முன்கூட்டியே எழுதி வச்ச அட்டவணை. நடந்தத வரிசையா சொல்லியிருக்கா, விவரம் குடுத்திருக்கா, முடிவு இருக்கான்னு. அப்ப ரெண்டு பேருக்கும் நடுவுல வித்தியாசம் காணாமப் போச்சு. சித்தப்பாகிட்ட "பத்துக்கு எத்தன"ன்னு கேக்காம உப்பு, புளி, பருப்பு வெந்திருக்கான்னு தனித்தனியா கேட்ட கதைதான்.

இத்தாலில இன்னொரு குழு வேற வழில போச்சு. குடியேறி வந்த குடும்பத்துப் பிள்ளைங்க பத்தி டீச்சர் மனசுல இருக்கிற சாய்வ அளந்து, ரிசல்ட்ட அவங்ககிட்டயே காட்டினாங்க, சில பேருக்கு பருவ மார்க் போடுறதுக்கு முன்னாடி, சில பேருக்கு அப்புறம். முன்னாடி பார்த்தவங்க குடியேறிகளோட பிள்ளைங்களுக்குக் கூடுதலா மார்க் போட்டாங்க. அது நியாயத்துக்கு வந்ததா, இல்ல குத்த உணர்ச்சில கொஞ்சம் அள்ளிப் போட்டதான்னு என் மனசுல இன்னும் கேள்வி இருக்கு, அதனால நான் ரூப்ரிக் கட்சிதான்.

டீச்சரா இருந்து இத படிக்கிறீங்கன்னா, செலவில்லாத சில விஷயம் இருக்கு. ஒரு பேப்பர முழுசா திருத்திட்டு அடுத்த பேப்பர் போகாம, எல்லார் பேப்பர்லயும் முதல்ல 31ஆவது கேள்விய மட்டும் திருத்துங்க, அப்புறம் 32. முதல் பதில்ல வந்த நல்ல பேரு அடுத்த பதிலுக்குத் தாவாது. முதல் பக்கத்த மடிச்சு வச்சுட்டு பக்கத்த திருப்புங்க. கட்டு முடிஞ்சதும் முதல்ல திருத்தின அஞ்சாறு பேப்பர மறுபடி ஒரு தடவை பாருங்க, பிடிமானம் வர்றதுக்கு முன்னாடி போட்ட மார்க் அதுதான். ப்ராஜெக்ட், செமினாருக்கு எதுக்கு எத்தன மார்க்னு போர்டுல எழுதிப் போட்டுட்டு ஆரம்பிங்க.

பெத்தவங்களா இருந்தா, "சாருக்கு எங்க பையன ஆகாது"ன்னு போய் நின்னா அவரு காப்பாத்திக்க ஆரம்பிச்சிடுவாரு, பேச்சு அங்கயே முடிஞ்சுது. பேப்பர கைல வாங்கிட்டு, "சார், இந்த அஞ்சு மார்க்ல எது எதுக்கு எத்தன சார்?"ன்னு மட்டும் கேளுங்க.